மார்பகப் புற்றும் ரண வைத்தியமும்



நான் இன்று எதைப்பற்றிப் பேசப்போகிறேன் என்று தெரிந்ததும், "பெண்கள் வருகிற சபையில் இதையா பேசுவது?" என்று சிலர் கேட்டார்களாம். பெண்களுக்கு வரும் நோயைப் பெண்களில்லாத சபையில் பேசி யாருக்கு என்ன பிரயோஜனம்? கைக்குத் தட்டுப்பட்ட கட்டியை வெட்கத்தால் மூடி வைத்து, கர்மபலன் என்று சாமிக்கு நேர்ந்துகொண்டு, புண்ணான பிறகு ஆஸ்பத்திரிக்குப் போகிறவர்கள் இன்றும் இருக்கிறார்கள். அந்த வெட்கத்தோடு, "டாக்டர் மார்பையே எடுத்துவிடுவார், பிறகு புருஷன் முகம் கொடுத்துப் பேசுவானா?" என்கிற பயமும் சேர்ந்திருக்கிறது. இது காரணமில்லாத பயமென்று நான் சொல்ல வரவில்லை.

அமெரிக்காவில் பால்டிமோர் நகரத்து ரண வைத்தியர் ஹால்ஸ்டெட் என்பவர், 1894-ல் தமது முறையை வெளியிட்டார். மார்பகம், அதன் அடியிலுள்ள நெஞ்சுத் தசை, அக்குளிலுள்ள நெறிகள் எல்லாவற்றையும் சேர்த்து எடுத்துவிடுவதே அம்முறை. அந்தக் காலத்திற்கு அது நன்மையான காரியந்தான். ஆனால் அவர் 1922-ல் இறந்து எத்தனையோ வருஷம் கழிந்தும், "ஹால்ஸ்டெட் சொன்னார்" என்றே வெட்டிக்கொண்டிருந்தார்கள். இதற்கும் நம் பண்டிதர்கள் "மனு சொன்னார்" என்பதற்கும் என்ன வித்தியாசம்? வைத்தியத்தில் சோதித்துப் பார்க்க இடமுண்டு. அது ஒன்றுதான் வித்தியாசம்.

சோதித்தும் பார்த்தார்கள். இத்தாலியில் மிலான் நகரில் வெரோனேசி என்பவர் 1973 முதல் 701 பெண்களை வைத்துப் பார்த்தார். அமெரிக்காவில் பிஷர் என்பவர் 1976-ல் தொடங்கி, 1,851 பெண்களைக் குலுக்கல் முறையில் மூன்றாகப் பிரித்தார். ஒரு பிரிவாருக்கு மார்பகம் முழுவதும் எடுக்கப்பட்டது. ஒரு பிரிவாருக்குக் கட்டி மட்டும். மற்றவர்களுக்குக் கட்டியை எடுத்துக் கதிர் சிகிச்சையும் கொடுக்கப்பட்டது. 20 வருஷக் கணக்கு 2002-ல் வெளிவந்தது. உயிர் வாழ்வதில் மூன்று பிரிவாருக்கும் வித்தியாசமில்லை! ஆனால் கட்டியை மட்டும் எடுத்தவர்களில் நூற்றுக்கு 39 பேருக்கு அதே மார்பில் நோய் திரும்பிற்று. கதிரும் வைத்துக்கொண்டவர்களில் 14 பேருக்குத்தான். ஆகையால் மார்பைக் காப்பாற்றிய பிறகு கதிர் சிகிச்சைக்குப் போகாமல் வீட்டில் உட்கார்ந்துகொள்ளக்கூடாது.

இனி, கட்டியை எடுத்த இடத்தில் பள்ளம் விழுமே, காம்பு ஒரு பக்கம் இழுத்துக்கொள்ளுமே என்று கேட்பீர்கள். விழத்தான் செய்யும், கதிர் பட்டால் இன்னும் சுருங்கும். அதற்காகத்தான், எடுக்கிற அன்றே சீர்படுத்திவிடுகிற முறைகள் வந்திருக்கின்றன. கதிர் பட்ட சதை பிறகு எளிதில் ஆறாதாகையால் அன்றே செய்வது உத்தமம். பாரிஸ் டாக்டர்கள் 2010-ல் வெளியிட்ட கணக்குப்படி, மார்பில் ஐந்தில் ஒரு பங்குக்குக் குறைவாக எடுத்தால் பக்கத்துச் சதையைத் தளர்த்தி இழுத்து மூடிவிடலாம். பாதி வரையில் எடுக்க நேர்ந்தால், பெருத்த மார்பைச் சிறிதாக்குகிற முறையில் வெட்டி, காம்பை ரத்த ஓட்டத்தோடு புது இடத்திற்கு ஏற்றி வைக்கிறார்கள். மற்ற மார்பையும் அதற்குச் சமமாக்குவதுண்டு. மார்பு சிறிதானால், விலாப்பக்கத்துக் கொழுப்பையோ முதுகுத் தசையையோ ரத்தக் குழாய் அறாமல் திருப்பிக் கொண்டுவந்து பள்ளத்தை நிரப்புகிறார்கள்.

ரத்த ஓட்டம் அறாமல் சதையைத் திருப்புகிற இந்த வித்தை நமக்குப் புதிதல்ல. பூனாவுக்குப் பக்கத்தில் மூக்கறுபட்ட ஒரு வண்டிக்காரருக்கு நெற்றித் தோலைத் திருப்பி மூக்கு வைத்த செய்தி 1794-ல் லண்டன் பத்திரிகையில் வந்தது. வைத்தவர் செங்கல் அறுக்கும் ஜாதிக்காரர்! வேதம் படித்தவரல்ல.

கட்டி இருந்த இடத்தில் சிறு உலோகக் கவ்விகளை வைத்துத் தைக்கிறார்கள். சதை இடம் மாறிவிட்ட பிறகும் கதிர் வைக்கிறவருக்கு அவை அடையாளங்காட்டும். எடுத்த துண்டின் ஓரத்தில் நோய் மிச்சமிருப்பதாகச் சோதனையில் தெரிந்தால் மறுபடியும் வெட்ட நேரிடலாம். மார்பு முழுவதும் சிவந்து வீங்கி வரும் புற்றுக்கு இம்முறைகள் ஆகா. அங்கே முழுவதையும் எடுக்கத்தான் வேண்டும். நோயை எடுப்பதுதான் முதல் வேலை. அழகு அதற்குப் பின்னால்தான்.

எதைச் செய்வதென்று டாக்டர் கேட்கும்போது புருஷனும் மாமியாரும் முந்திக்கொண்டு பதில் சொல்ல வேண்டாம். நோய் அவளுடையது, உடம்பும் அவளுடையது. அவளைப் பேச விடுங்கள். "கட்டியை மட்டும் எடுத்தால் போதுமா? போதாதென்றால் ஏன்?" என்று அவளே கேட்கட்டும்.

சந்தேகமுள்ள தோழர்களும் தாய்மார்களும் துண்டுச் சீட்டில் எழுதித் தலைவரிடம் கொடுத்தால் எனக்குத் தெரிந்தவரை பதில் சொல்லுகிறேன். பெயர் எழுத வேண்டியதில்லை.