வாவிக்கரை வீட்டிற்கு ஒரு சிறு நாய்

வீட்டில் நாய் ஒன்று வேண்டும், ஆனால் அது சிறியதாக இருத்தல் வேண்டும் என்னும் விருப்பம் மட்டக்களப்பு வாவிக்கரைக் குடும்பங்களிலும் தோன்றுவதுண்டு. வளவு சிறியது, வீட்டில் முதியோரும் பிள்ளைகளும் உளர், பெரிய நாயைக் கட்டியாளுதல் எளிதன்று என்பன அதற்குக் கூறப்படும் காரணங்கள். இவ்வாறு எண்ணுவோரின் உள்ளத்தை எளிதிற் கவர்வது, பட்டுப்போன்ற நீண்ட மயிரும் நிமிர்ந்த செவிகளும் உடைய யோர்க்ஷயர் டெரியர் இனமாகும். ஏறக்குறைய மூன்று கிலோகிராம் நிறையே உடைய இந்நாய், மடியிற் கிடக்கும் பொம்மைபோலக் காட்சியளிக்கும். ஆயினும், அது பொம்மையன்று.

டெரியர் என்னும் பெயர், மண்ணைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் வழிவந்தது. வளைகளுட் புகுந்து இரையைத் துரத்தும் நாய்களுக்கு அப்பெயர் வழங்கலாயிற்று. பத்தொன்பதாம் நூற்றாண்டிலே ஸ்கொத்லாந்திலிருந்து வேலை தேடி இங்கிலாந்தின் யோர்க்ஷயர்ப் பகுதிக்கு வந்த நெசவாளர், தம்முடன் சிறு நாய்களைக் கொணர்ந்தனர். அவற்றின் வழியில் உருவானதே இவ்வினம். எலி பிடித்தலே அதன் முன்னைத் தொழில். 1865ஆம் ஆண்டிற் பிறந்த ஹடர்ஸ்ஃபீல்ட் பென் என்னும் நாய் இவ்வினத்தின் மூதாதையாகக் கருதப்படுகின்றது.

அத்தொழிலின் ஊக்கம் அதன் குருதியை விட்டு அகலவில்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944ஆம் ஆண்டில், நியூகினியிற் கண்டெடுக்கப்பட்ட ஸ்மோக்கி என்னும் யோர்க்ஷயர் டெரியர் இரண்டு கிலோகிராம் நிறைகூட இல்லாதது. பின்னர் பிலிப்பைன்ஸ் தீவிலே, விமானத் தளத்தின் அடியிற் சென்ற எழுபது அடி நீளக் குழாயினுள் அது தொலைபேசிக் கம்பியை இழுத்துச் சென்றது. இருண்ட வளையுட் புக அஞ்சாத இயல்பே அங்கு பயன்பட்டது.

அதே இயல்பு வாவிக்கரையில் ஆபத்தாகவும் முடியலாம். வாவியின் மேற்கே, படுவான்கரையில், வயல்களும் புற்றுகளும் பற்றைகளும் மிகுதி. எலியைத் துரத்திச் செல்லும் நாய் அங்கே நாகத்தையோ புடையனையோ எதிர்கொள்ளல் கூடும். அந்நஞ்சைத் தாங்கும் வலிமை அச்சிற்றுடலுக்கு ஏது? நீர்விளிம்பிலோ முதலையும் உண்டு. கிழக்கே எழுவான்கரையில், கல்லடி போன்ற நெருக்கமான ஊர்களில், இடர் வேறு வகையினது. வேலியில் ஒரு சிறு பொத்தல் போதும். நாய் தெருவில் நிற்கும். அங்கே வாகனங்களும் தெருநாய்களும் உள்ளன. தன் உருவத்தின் சிறுமையை அறியாத இந்நாய், தன்னிலும் பன்மடங்கு பெரிய நாயையும் எதிர்த்து நிற்கும். சிறு ஒலிக்கும் அது குரைப்பதால், அயல்வீட்டாரின் பொறுமையையும் கணக்கிற் சேர்த்தல் வேண்டும்.

காலநிலையும் கருதத்தக்கது. கச்சான் காற்று வீசும் வெப்ப நாட்களில் நண்பகலில் இதனை நடத்திச் செல்லலாகாது. நிழலும் தண்ணீரும் எப்பொழுதும் வேண்டும். மாரியில் நனைந்த மயிர் சடைபிடித்தால் தோலிற் புண் தோன்றும், உண்ணியும் மறைந்திருக்கும். நாள்தோறும் மயிர் வார நேரமில்லாதோர், அதனைக் குட்டையாகக் கத்தரித்து வைத்தலே நன்று. வெங்காயம் சேர்ந்த கறியோடு பிசைந்த சோறு நாயின் குருதியைக் கெடுக்கும். இவ்வினத்திற்குப் பல்நோய் எளிதில் வரும், மூச்சுக்குழலும் மென்மையானது. ஆகையால், கழுத்துப்பட்டியிலும் மார்புப்பட்டியே ஏற்றது.

இனி, வீட்டாரை நோக்குவோம். தத்தித் தத்தி நடக்கும் குழந்தையின் கையிலிருந்து நழுவி வீழ்ந்தால் இந்நாயின் கால் முறியலாம். முதியவரின் காலடியிற் புகுந்தால் அவர் வீழலாம். பகல் முழுவதும் பூட்டிக் கிடக்கும் வீட்டில் தனிமையால் அது துன்புறும். ஆயின், பொழுதெல்லாம் வீட்டிலிருக்கும் ஓய்வுபெற்ற ஒருவருக்கு, அவர் கவனமாக நடமாடக் கூடியவராயின், இதனினும் விழிப்பான துணை அரிது.

கடி சிறிதாயினும் விசர்நாய் நோய் சிறிதன்று. பாஸ்டர் 1885ஆம் ஆண்டிலே மனிதருக்கு அதன் தடுப்பு மருந்தைப் பயன்படுத்திக் காட்டினார். எனினும், நோய் முற்றியபின் உயிர் பிழைத்தல் மிக மிக அரிது. ஆதலால், மடிநாய்க்கும் மிருக வைத்தியர் கூறும் முறைப்படி தடுப்பூசி ஏற்றுதல் தவிர்க்க முடியாத கடமை. எந்த நாய் கடித்தாலும், காயத்தைச் சவர்க்காரமும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவி, உடனே வைத்தியசாலைக்குச் செல்லுதல் வேண்டும்.

இந்நாய் பன்னிரண்டு முதல் பதினைந்து ஆண்டுகள் வாழக்கூடியது. பத்து வயதுச் சிறுவன் கேட்டானென்று இன்று வாங்கும் குட்டி, அவன் படிப்பு முடித்துத் தொழில் தேடி வெளியூர் செல்லும் நாளிலும் வாயிலிற் காத்திருக்கும். அன்று அதற்கு உணவிடுபவர் யார் என்பதை இன்றே வீட்டார் தீர்மானித்தல் வேண்டும்.

பொத்தலில்லாத வேலி, வீட்டில் எப்பொழுதும் ஒருவர், நாள்தோறும் சிறிது நேரம், மருத்துவச் செலவுக்குப் பொருள் ஆகிய நான்கும் உள்ள வீட்டிற்கு யோர்க்ஷயர் டெரியர் நல்ல துணையாகும். இவற்றுள் ஒன்று குறைந்தாலும், குட்டை மயிரும் இம்மண்ணின் வெப்பத்திற் பழகிய உடலும் உடைய ஊர்நாய்க் குட்டி ஒன்றை எடுத்து, தடுப்பூசி ஏற்றி, அன்போடு வளர்த்தலே அறிவுடைமை. வாங்கும்போது அளக்க வேண்டியது நாயின் உயரத்தையன்று, வீட்டாரின் பொறுப்பையே.