பங்கும் வேண்டும், மதிப்பும் வேண்டும்



"இன்றைய அரசியல் தத்துவத்தில் சமத்துவமும் சமூக நீதியும்" என்று நோட்டீஸில் போட்டிருக்கிறார்கள். தத்துவம் என்றதும் பின்வரிசையில் இரண்டு பேர் எழுந்திருக்கப் பார்க்கிறார்கள். உட்காருங்கள் ஐயா, நம் ஊர்க் கதையைத்தான் பேசப்போகிறேன்.

1971இல் ஹார்வர்டு பல்கலைக்கழகப் பேராசிரியர் ஜான் ரால்ஸ் நீதியைப் பற்றித் தடிமனான ஒரு நூல் எழுதினார். அதன் சாரத்தை நம் நிலக்கோட்டைக் கணக்கில் சொல்கிறேன். நம் பூ மார்க்கெட்டுக்குப் புதிதாகச் சட்டதிட்டம் எழுத வேண்டும். எழுதுகிறவர்களுக்கு ஒரே ஒரு நிபந்தனை: நாளைக் காலை நீங்கள் யாராகக் கண் விழிப்பீர்கள் என்று உங்களுக்குத் தெரியாது. கமிஷன் கடை முதலாளியாகவா? அரை ஏக்கர் மல்லி போட்டிருக்கும் சம்சாரியாகவா? இருட்டில் தலையில் லைட்டைக் கட்டிக்கொண்டு மொட்டுப் பறிக்கும் அம்மாவாகவா? தெரியாது. இப்போது சொல்லுங்கள்: முகூர்த்த நாளில் விலை ஏறினால் அதில் பறிப்புக் கூலிக்கு எவ்வளவு? வரத்து கொட்டி, பூ சென்ட் ஃபேக்டரிக்குப் போகிற நாளில் நட்டம் யார் தலையில்? அந்த அம்மாவை மறந்துவிட்டு யாராவது சட்டம் எழுதுவார்களா? மாட்டார்கள். விடிந்தால் தானே அந்த அம்மாவாக இருக்கலாமே! ஏற்றத்தாழ்வு இருந்தாலும் அதனால் கடைசி ஆளுக்கு ஆதாயம் இருக்க வேண்டும் என்றார் ரால்ஸ்.

அடுத்து வந்தார் நம் அமர்த்திய சென். 1979இல் ஸ்டான்ஃபோர்டில் பேசும்போது, எதில் சமத்துவம் என்று கேட்டார். இரண்டு பேர் கையிலும் ஒரே தொகையைக் கொடுக்கிறீர்கள். ஒருவருக்கு நடக்க முடியாது. கொடுத்ததில் பாதி ஆட்டோவுக்கே போய்விடும். கையில் என்ன இருக்கிறது என்று மட்டும் பார்க்காதே, அதை வைத்து அவரால் என்ன செய்ய முடிகிறது என்று பார் என்றார்.

1999இல் அமெரிக்கத் தத்துவவாதி எலிசபெத் ஆண்டர்சன் இன்னொரு கேள்வியை வைத்தார். பங்கு பிரிப்பதைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறீர்களே, மனுசன் மனுசனை எப்படி நடத்துகிறான் என்பதல்லவா முதல் கேள்வி? ஒருவர் முன்னால் இன்னொருவர் கைகட்டி நிற்க வேண்டியிராத சமுதாயம், அதுதானே சமத்துவம்?

அந்தக் கேள்வியைப் படித்தபோது எனக்கு அமெரிக்கா ஞாபகம் வரவில்லை. பட்டிவீரன்பட்டி ஞாபகம் வந்தது.

நமக்குப் பக்கத்துப் பட்டிவீரன்பட்டியில் 1893இல் பிறந்தவர் டபிள்யூ.பி.ஏ. சௌந்தரபாண்டியனார். சென்னைப் பாண்டி பஜாரில் துணி எடுக்கப் போகிறோமே, அந்தப் பாண்டி இவர்தான். ராமநாதபுரம் ஜில்லா போர்டுத் தலைவராக இவர் இருந்த காலத்தில், தனியார் பஸ்களில் தாழ்த்தப்பட்ட மக்களை ஏற்ற மாட்டார்கள். காசு கையில் இருக்கும், பஸ்ஸில் இடமும் இருக்கும், ஆனால் ஏற முடியாது. பங்கு இருந்தது, மதிப்பு இல்லை. சௌந்தரபாண்டியனார் என்ன செய்தார்? மனம் மாறுங்கள் என்று முதலாளிகளிடம் கெஞ்சவில்லை. ஏற்ற மறுத்தால் லைசென்ஸ் ரத்து என்று உத்தரவு போட்டார். அவ்வளவுதான், பஸ் கதவு திறந்தது.

அதே பட்டிவீரன்பட்டிப் பக்கம் நிலமில்லாத தலித் குடும்பத்தில் 1926இல் பிறந்தவர் கிருஷ்ணம்மாள். 1968 டிசம்பர் 25 இரவில், கீழத்தஞ்சை வெண்மணியில் கூலி உயர்வு கேட்டதற்காக 44 உயிர்களைக் குடிசையோடு எரித்தார்கள். கிருஷ்ணம்மாளும் அவர் கணவர் ஜெகந்நாதனும் கீழத்தஞ்சைக்குப் போனார்கள். ஆறுதல் சொல்லிவிட்டுத் திரும்பவில்லை. அங்கேயே தங்கினார்கள். 1981இல் லாஃப்டி அமைப்பைத் தொடங்கி, நிலத்தை விலை பேசி வாங்கி, உழுத குடும்பங்களுக்குப் பிரித்துக் கொடுத்தார்கள். பட்டா யார் பேரில்? பெண்கள் பேரில்! ஒரு காகிதத்தில் நிலமும் வந்தது, பெண்ணின் பெயரும் வந்தது. இங்கே பங்கும் மதிப்பும் சேர்ந்தே வந்தன.

ஒன்று மட்டும் வந்தால் என்ன ஆகும்? தெற்கே உசிலம்பட்டிப் பக்கம் பாப்பாபட்டி, கீரிப்பட்டியைக் கேளுங்கள். 1996இல் அந்த ஊராட்சிகளின் தலைவர் பதவி தாழ்த்தப்பட்டோருக்கு ஒதுக்கப்பட்டது. சட்டம் இருந்தது, நாற்காலி இருந்தது. உட்காரத்தான் விடவில்லை. மனுத்தாக்கல் செய்ய ஆளில்லாமல் செய்தார்கள். ஜெயித்தவரை உடனே ராஜினாமா செய்ய வைத்தார்கள். பத்து வருடம்! அதிகாரிகளும் அரசியல் கட்சிகளும் ஊர் ஊராக உட்கார்ந்து பேசி, 2006 அக்டோபரில்தான் அங்கே முறையான தேர்தல் நடந்தது.

"அது பழைய கதை" என்று யாராவது சொல்லலாம். 2022 ஆகஸ்டில், சுதந்திர தினத்துக்கு முன்பு, தலித் ஊராட்சித் தலைவர்கள் கொடியேற்றுவதை யாரும் தடுக்கக்கூடாது என்று தமிழ்நாட்டின் தலைமைச் செயலாளரே கலெக்டர்களுக்குக் கடிதம் எழுத வேண்டியிருந்தது. சுதந்திரம் வாங்கி 75 வருடம் கழித்து! அரசியலில் சமம், சமூகத்திலும் பொருளாதாரத்திலும் சமமில்லை என்ற முரண்பாட்டோடு குடியரசுக்குள் நுழைகிறோம் என்று 1949 நவம்பர் 25 அன்று அரசியல் நிர்ணய சபையில் அம்பேத்கர் எச்சரித்தாரே, அந்த எச்சரிக்கை இன்னும் காலாவதியாகவில்லை.

இன்னும் கிட்டத்தில் வருகிறேன். 2021இலிருந்து டவுன் பஸ்ஸில் பெண்களுக்குக் கட்டணமில்லை. கூலிக்குப் போகும் ஒரு பெண்ணுக்கு மாதத்தில் அது எவ்வளவு மிச்சம் என்று அவரைக் கேட்டால் தெரியும். அதே பஸ்ஸில் என்ன நடக்கிறது? "ஓசி டிக்கெட்தானே, தள்ளி நில்லும்மா" என்று ஒரு குரல் வருகிறது. கை நீட்டினால் நிற்காமல் போகிற பஸ்ஸும் உண்டு. அரசு பங்கைக் கொடுத்தது, நாம் மதிப்பைப் பிடுங்கிக்கொண்டோம். உதவி செய்துகொண்டே அவமானப்படுத்தக்கூடாது என்றுதான் ஆண்டர்சனும் எழுதினார்.

ஆகவே நான் சொல்ல வந்தது இவ்வளவுதான். எந்தத் திட்டம் வந்தாலும், எந்தக் கட்சி கொண்டுவந்தாலும், இரண்டு கேள்வி கேளுங்கள். கடைசி ஆளுக்குப் பங்கு போய்ச் சேர்ந்ததா? வாங்கும்போது அவர் தலைநிமிர்ந்து வாங்கினாரா? ஒன்றுக்கு ஆம், இன்னொன்றுக்கு இல்லை என்றால் வேலை பாதிதான் முடிந்திருக்கிறது.

இதெல்லாம் நடக்கிற காரியமா என்று இளைஞர்கள் கேட்கலாம். 1929 பிப்ரவரியில் செங்கல்பட்டில் முதல் சுயமரியாதை மாநாடு கூடியது. தலைமை வகித்தவர் நம் சௌந்தரபாண்டியனார். பெண்ணுக்குச் சொத்தில் சம உரிமை வேண்டும் என்று அங்கே தீர்மானம் போட்டார்கள். அன்று சிரித்தவர்கள் உண்டு. 1989இல் தமிழ்நாட்டில் அது சட்டமானது. அறுபது வருடம் அந்தத் தீர்மானத்தைக் கீழே விழாமல் தூக்கி வந்தவர்கள் இப்படிப்பட்ட கூட்டங்களில் உட்கார்ந்திருந்தவர்கள்தான்.

சுற்றுக் கிராமங்களிலிருந்து வந்திருப்பவர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த கிராமசபைக்குக் கட்டாயம் போங்கள். உங்கள் தலைவர் தலித்தாக இருந்தாலும் பெண்ணாக இருந்தாலும், தலைவர் நாற்காலியில் அவரே உட்கார்ந்திருக்கிறாரா என்று பாருங்கள். பக்கத்தில் கணவரோ பழைய தலைவரோ உட்கார்ந்து அவருக்குப் பதில் பேசினால், எழுந்து நின்று, "தலைவர் பேசட்டும்" என்று சொல்லுங்கள். இரண்டே வார்த்தை. அதைச் சொல்ல ரால்ஸைப் படித்திருக்க வேண்டியதில்லை.