இயந்திரம் சொல்லலாம், கையொப்பம் அதிபருடையது

(நூற்றாண்டு விழாக் கல்வி அமர்வில் பழைய மாணவி ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



எனக்குத் தந்த தலைப்பு ‘செயற்கை நுண்ணறிவும் எங்கள் பிள்ளைகளும்’. பிள்ளைகளைப் பற்றி நான் அதிகம் பேசப் போவதில்லை. அவர்கள் எங்களை முந்திக்கொண்டு போனில் அதைத் திறந்துவிட்டார்கள். நான் பேச வந்தது அவர்களுக்கு மேலே கையொப்பமிடுகிறவர்களைப் பற்றி. அதிபர்கள், கோட்டக் கல்விப் பணிப்பாளர்கள், வலயக் கல்விப் பணிப்பாளர்கள். அந்த நாற்காலிகளில் இருந்தவர்களும் இருப்பவர்களும் இந்த மண்டபத்திலேயே இருக்கிறீர்கள். அதனால் கொஞ்சம் உரிமையோடு பேசுகிறேன்.

2024 மார்ச்சில் அமைச்சரவை ஒரு திட்டத்துக்கு அனுமதி தந்தது. தெரிவுசெய்த 20 பாடசாலைகளில், தரம் 8 முதல், செயற்கை நுண்ணறிவை ஒரு பாடமாக முன்னோடி அடிப்படையில் தொடங்குவது என்று. நல்ல விடயம்தான். ஆனால் அது வகுப்பறைக்குள் வருகிற வழி. அலுவலகத்துக்குள் அது வருகிற வழி வேறு. அதற்கு எந்த அமைச்சரவையும் அனுமதி கொடுக்கவில்லை, யாரும் கேட்கவும் இல்லை.

எப்படி வருகிறது என்று சொல்கிறேன். 1987இல் பதின்மூன்றாம் திருத்தம் தமிழையும் அரச கரும மொழியாக்கியது. இருந்தாலும் எங்கள் பக்கத்துத் தமிழ்மொழிப் பாடசாலைக்குச் சிங்களத்தில் மட்டும் கடிதம் வருவது இன்னும் நின்றுபோகவில்லை. முன்பெல்லாம் அதிபர் அதை எடுத்துக்கொண்டு சிங்களம் தெரிந்த ஒருவரைத் தேடிப் போவார். இப்போது போனில் படம் பிடித்தால் அரை நிமிடத்தில் தமிழில் வந்துவிடுகிறது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். எத்தனை பேருடைய அலைச்சலை அது குறைத்திருக்கிறது! ஆனால் ‘செய்யலாம்’ என்பது ‘செய்ய வேண்டும்’ என்று மாறி வந்தால்? இடமாற்ற விண்ணப்பத்தின் கடைசித் திகதி பிழைத்தால்? பாதிக்கப்படுவது ஓர் ஆசிரியையின் ஒரு வருடம். “மொழிபெயர்ப்புச் செயலி அப்படித்தான் சொன்னது” என்று விசாரணையில் சொல்லித் தப்ப முடியாது.

இன்னொரு வழி, மாணவர் பட்டியல். தவணைப் பரீட்சைப் புள்ளிகளை அட்டவணையாக்கச் சொல்லி, ஒரு வகுப்புப் பிள்ளைகளின் பெயர், பிறந்த திகதி, தாய் தகப்பன் தொழில், தோட்டம், டிவிசன் எல்லாவற்றையும் இலவசச் செயலி ஒன்றில் போட்டுவிடுவது. வேலை முடிந்துவிடும். அந்த விபரம் எந்த நாட்டுக் கணினியில் போய் உட்கார்ந்திருக்கிறது என்று போட்டவருக்குத் தெரியாது. 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் பிள்ளைகளின் விபரத்தை விசேட கவனத்துக்குரிய வகையில் வைத்திருக்கிறது. தன்னியக்கமாக எடுக்கப்பட்டு, ஒருவரைப் பெரிதாகப் பாதிக்கிற தீர்மானத்தை மீளாய்வு செய்யும்படி கேட்கிற உரிமையும் அதில் உண்டு. சட்டம் முழுதாக நடைமுறைக்கு வருவது பிந்திப்போனது வேறு கதை. அது சொல்கிற நியாயத்தை எங்கள் பதிவேட்டில் இன்றைக்கே கடைப்பிடிக்கலாம்.

மூன்றாவது வழிதான் என்னை அதிகம் யோசிக்க வைக்கிறது. வரவையும் புள்ளியையும் பார்த்து, ‘இந்தப் பிள்ளை இடைவிலகப் போகிறது’ என்று முன்கூட்டியே சொல்கிற மென்பொருள். அமெரிக்காவின் விஸ்கொன்சின் மாநிலம் அப்படி ஒன்றைப் பத்து வருடத்துக்கு மேல் பயன்படுத்தியது. 2023இல் பத்திரிகையாளர்கள் அதை ஆராய்ந்தார்கள். உரிய காலத்தில் படிப்பை முடிக்க மாட்டார்கள் என்று அது சொன்னவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் விடயத்தில் அது பிழைத்திருந்தது. கறுப்பின, ஹிஸ்பானியப் பிள்ளைகள் மீதுதான் இந்தப் பொய் எச்சரிக்கை கூடுதலாக விழுந்திருந்தது.

அப்படி ஒன்றை எங்கள் வலயத்தில் வைத்தால் என்ன ஆகும்? கொழுந்து நிறைய வரும் நாட்களில் தாய் விடியுமுன்னே மலைக்குப் போவாள். அரைப் பேர் விழுந்துவிடக் கூடாது என்று ஓடுவாள். மூத்த பெண் பிள்ளை தம்பியைப் பார்த்துக்கொண்டு லயத்தில் நிற்பாள். 2025 நவம்பர் இறுதியில் டித்வா வந்து மண் சரிந்தபோது பாதையே இல்லாமல் போன பிள்ளைகள் எத்தனை பேர்! இயந்திரத்துக்கு இவை எல்லாம் ஒரே ஒரு குறி: ‘வரவில்லை’. பிறப்புச் சான்றிதழில் ஒரு மாதிரியும் பாடசாலைப் பதிவில் இன்னொரு மாதிரியும் பெயர் எழுதப்பட்ட பிள்ளையை அது இரண்டு பிள்ளைகளாகக்கூட எண்ணிவிடும். அந்தப் பட்டியலைக் கையில் வைத்துக்கொண்டு, “இவள் எப்படியும் நிற்கப் போகிறவள்தானே, உயர்தர வகுப்பில் ஏன் இடம்?” என்று ஒருவர் நினைத்துவிட்டால் அவளுடைய கதை அங்கேயே முடிந்தது. அதே பட்டியலை எடுத்துக்கொண்டு வேறொருவர் லயத்துக்குப் போய், “ஏன் பிள்ளை வரவில்லை?” என்று கேட்பார். பட்டியல் ஒன்றுதான். எதைச் செய்வது என்று அதில் எழுதியிருக்காது.

தெரியாத ஒன்றுக்குப் பொறுப்பாக ஒருவரை வைத்தால் என்ன நடக்கும் என்று மலையகத்துக்குப் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. 1920ஆம் ஆண்டின் கல்விக் கட்டளைச் சட்டம், 6 முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குப் படிப்பிக்கும் ஏற்பாட்டைத் தோட்டத்துரையின் பொறுப்பில் விட்டது. துரைக்குத் தேயிலை தெரியும், கணக்குத் தெரியும். பள்ளிக்கூடம் தெரியாது. பல தோட்டங்களில் ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும் ஒரு பதிவேடும் இருந்தால் சட்டம் திருப்திப்பட்டது. அந்தப் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்க 1970கள் வரை ஆனது. இடையில் இரண்டு தலைமுறை போய்விட்டது.

எண் விடயத்திலும் எங்களுக்கு அனுபவம் உண்டு. 2011 உயர்தரப் பரீட்சையை இங்கிருக்கும் தங்கைமார் சிலர் மறந்திருக்க மாட்டீர்கள். பழைய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் புதிய பாடத்திட்டத்தில் எழுதியவர்களையும் ஒன்றாகச் சேர்த்து இசட் புள்ளி கணித்தார்கள். 2012 ஜூனில் உயர் நீதிமன்றம் அதை ரத்துச் செய்து, இரு பிரிவினருக்கும் வேறுவேறாகக் கணிக்கச் சொன்னது. அந்தச் சூத்திரத்தைப் புரிந்துகொண்டு கேள்வி கேட்ட ஆட்கள் இருந்ததால்தான் விடயம் நீதிமன்றம் வரை போனது. பின்தங்கிய மாவட்டங்களுக்கென ஒதுக்கப்படும் 5 வீதத்தில் பதுளையும் இருக்கிறது. தசம தானங்களில் தலையெழுத்து மாறுகிற மாவட்டம் இது. இசட் புள்ளியையாவது தாளில் போட்டுப் பார்க்கலாம். இனி வருகிற மென்பொருளின் கணக்கை, செய்தவர்களே முழுதாக விளங்கப்படுத்த மாட்டார்கள்.

பெரிய இடங்களும் சறுக்கியிருக்கின்றன. லொஸ் ஏஞ்சல்ஸ் கல்வி மாவட்டம் அமெரிக்காவிலேயே இரண்டாவது பெரியது. 2024 மார்ச்சில் ‘எட்’ என்ற உரையாடல் செயலியைப் பெரிய விழா வைத்து அறிமுகப்படுத்தினார்கள். ஜூனில் அதைச் செய்த நிறுவனம் படுத்துவிட்டது. நவம்பரில் நிறுவனத்தைத் தொடங்கியவர்மீது, முதலீட்டாளர்களை ஏமாற்றியதாக வழக்கு. அவ்வளவு பணமும் ஆட்பலமும் உள்ள இடத்திலேயே இப்படியென்றால், ஒரு கண்காட்சியைப் பார்த்துவிட்டு வந்து விலைமனு கோருகிற வலயப் பணிமனையை யோசித்துப் பாருங்கள்.

2024 செப்டெம்பரில் யுனெஸ்கோ இந்தத் துறைக்கு இரண்டு தேர்ச்சிச் சட்டகங்களை வெளியிட்டது. ஒன்று மாணவருக்கு, மற்றது ஆசிரியருக்கு. அதிபருக்கும் பணிப்பாளருக்கும் என்று அந்த இரண்டில் ஒன்றும் இல்லை. எங்கள் நாட்டிலும் பயிற்சி என்றவுடன் எந்தப் பொத்தானை அழுத்துவது என்றுதான் காட்டிக்கொடுக்கிறோம். அதிபருக்கு வேண்டியது அது அல்ல. விற்க வந்தவரை உட்கார வைத்துக் கேட்கத் தெரிய வேண்டும்: பிள்ளைகளின் விபரம் எங்கே வைக்கப்படுகிறது, ஒப்பந்தம் முடிந்தால் அதை அழிப்பீர்களா, தமிழில் யாரிடம் சோதித்தீர்கள், யாழ்ப்பாணத் தமிழிலா எங்கள் தோட்டத்துப் பிள்ளை பேசுகிற தமிழிலா, பிழைத்தால் நாங்கள் எப்படித் திருத்துவது, நாளைக்கு உங்கள் கம்பனி இல்லாவிட்டால் என்ன. இவற்றுக்குப் பதில் வராவிட்டால் “வேண்டாம்” என்று சொல்கிற துணிவும் வேண்டும். மேலிடத்தில் விருப்பம் காட்டிய பொருளை வேண்டாம் என்பது எவ்வளவு கஷ்டம் என்று இங்கிருக்கும் அதிபர்மாருக்குத் தெரியும். சிரிக்கிறீர்கள், தெரிகிறது.

எல்லாவற்றையும் தடைசெய்தால் போதும் என்பவர்களோடும் எனக்கு உடன்பாடு இல்லை. நியூயோர்க் பாடசாலைகள் 2023 ஜனவரியில் சட்ஜிபிடியைத் தடுத்தன; மே மாதமே தடையை விலக்கின. இரண்டு தரத்துக்குச் சேர்த்துப் படிப்பிக்கிற ஆசிரியைக்குப் பயிற்சித்தாள் தயாரிக்க அது கைகொடுக்கும் என்றால் பயன்படுத்தட்டும். வகுப்பில் கொடுக்குமுன் அவர் ஒருதரம் வாசிக்கட்டும்.

பழைய மாணவிகளிடம் ஒரு வேண்டுகோளோடு முடிக்கிறேன். கொழும்பிலும் லண்டனிலும் ரொறன்ரோவிலும் இருந்து கணினிகளும் திறன் பலகைகளும் தந்திருக்கிறீர்கள். இந்த முறை பொருள் வேண்டாம், உங்கள் ஒரு நாள் வேண்டும். டிசெம்பர் விடுமுறையில் பசறை, லுணுகலைப் பக்கத்து அதிபர்மார் சிலரை இந்த மண்டபத்துக்கு அழைக்கலாம் என்று செயற்குழுவிடம் கேட்டிருக்கிறேன். விரிவுரை கிடையாது. ஆளுக்கொரு பழைய மாணவி பக்கத்தில் உட்கார்ந்து, உண்மையான ஒரு சிங்களக் கடிதத்தையும் பிள்ளைகளின் பெயர் நீக்கிய ஒரு வரவுப் பதிவேட்டையும் இயந்திரத்திடம் கொடுத்து, அது எங்கே பிழைக்கிறது என்று சேர்ந்து தேடுவது. கணினித் துறையில் இருக்கிறவர்கள் வாருங்கள், ஒப்பந்தம் வாசிக்கத் தெரிந்த சட்டத்தரணிகள் வாருங்கள். சிங்களமும் தமிழும் நன்றாகத் தெரிந்தவர்கள் கட்டாயம் வாருங்கள். உங்கள் ஆட்கள்தான் குறைவு. தேநீருக்குப் போகுமுன் வாசலில் செயலாளரிடம் பெயரைப் பதிந்துவிடுங்கள்.