குறைவு எவ்வளவு?

(ஆதரவாளர் கூடுகையில் மருத்துவமனைச் சாப்ளின் ஆற்றிய உரை)



இரத்தப் பரிசோதனைச் சீட்டைக் கையில் வாங்கியதும் நம் கண்கள் எண்ணைத் தேடுகின்றன. அந்த எண் எப்படிக் கிடைத்தது என்று நாம் கேட்பதில்லை. அதைக் குறித்துச் சில வார்த்தைகள் சொல்ல விரும்புகிறேன்.

சுவீடன் தேசத்து மால்மோ நகரில், கார்ல்-பெர்டில் லாரெல் என்ற ஆய்வாளரும் ஸ்டென் எரிக்சன் என்ற இளம் மருத்துவரும் 1963-ல் ஒரு செய்தியை வெளியிட்டார்கள். சுமார் 1500 பேருடைய சீரத்தை மின்சாரத்தால் காகிதத்தில் பிரித்துப் பார்த்ததில், ஐந்து பேருக்கு ஒரு கோடு காணப்படவில்லை. அவர்களில் மூவருக்கு இளவயதிலேயே நுரையீரல் கெட்டுப்போயிருந்தது. குறைந்திருந்தது, நுரையீரலைக் காக்கும் ஆல்ஃபா-1 ஆன்டிடிரிப்சின் என்னும் புரதம்.

கோடு இல்லை என்று கண் சொல்லும். குறைவு எவ்வளவு என்று சொல்லாது. தாய் தகப்பன் இருவரிடமிருந்தும் இந்தக் குறையைப் பெற்றவருக்கு, இயல்பான அளவில் ஏறத்தாழ 15 சதவீதமே இருக்கும். ஒருவரிடமிருந்து மட்டும் பெற்றவருக்கு ஏறத்தாழ 60 சதவீதம் இருக்கும். இருவரையும் பிரித்தறிய எண் வேண்டும்.

1966-ல் லாரெல் எளிய வழியொன்றை வெளியிட்டார். கடற்பாசியிலிருந்து கிடைக்கும் அகரோஸை உருக்கி, சற்று ஆறியதும், அந்தப் புரதத்தை மட்டும் பிடிக்கும் ஆன்டிபாடியைக் கலந்து கண்ணாடித் தகட்டில் ஊற்றுவார்கள். அது கூழாக உறைந்ததும் ஓரத்தில் சிறு குழிகள் இட்டு, சிலவற்றில் அளவு தெரிந்த சீரத்தையும் மற்றவற்றில் நோயாளிகளின் சீரத்தையும் வைப்பார்கள். மின்சாரம் பாய்ந்ததும் புரதம் நேர்மின் முனையை நோக்கி நகரும். வழியெங்கும் ஆன்டிபாடி அதைப் பற்றும். புரதம் மிகுந்திருக்குமட்டும் முன்னேறும். மிகுதி தீர்ந்த இடத்தில் இரண்டும் இணைந்து படிந்து நின்றுவிடும். சில மணி நேரத்துக்குப்பின் சாயமிட்டால், ராக்கெட்டைப்போல் கூர்மையான நீலக் கோபுரங்கள் தெரியும். ராக்கெட் முறை என்று பெயர் வந்தது அதனால்தான். புரதம் எவ்வளவு அதிகமோ, கோபுரம் அவ்வளவு உயரம்.

ஒன்றைக் கவனியுங்கள். அளவு தெரிந்த குழிகள் அதே தகட்டில் இல்லாவிட்டால், அந்த உயரம் வெறும் மில்லிமீட்டர்தான். படிக்கல் இல்லாத தராசு என்ன சொல்லும்?

இன்று பெரும்பாலும் இயந்திரங்களே ஒளிச்சிதறலைக் கொண்டு இப்புரதத்தை அளக்கின்றன. அங்கும் ஆன்டிபாடி வேண்டும். அளவு தெரிந்த மாதிரியும் வேண்டும்.

மிகக் குறைந்த எண் வந்த ஒரு வாலிபனிடம் மருத்துவர், "தம்பி, சிகரெட்டைத் தொடவே தொடாதே" என்று காலத்தில் சொல்ல முடிகிறது. மூச்சு முட்டத் தொடங்குமுன் வரும் அந்த ஒரு வார்த்தைக்காகவே, ஆய்வுக்கூடத்தில் ஒருவர் பொறுமையாக அளந்துகொண்டிருக்கிறார்.