வீடு விற்பாரும் தரகரும்

வீடு கட்டுவதைப் பற்றியும் வாங்குவதைப் பற்றியும் பேசுவார் பலர். விற்பதைப் பற்றி வாய்திறப்பார் சிலரே. ஏதோ குறைவு நேர்ந்த குடும்பத்திலேதான் அது நடைபெறும் என்ற எண்ணம் நம்மவரிடையே வேரூன்றியிருக்கின்றது. ஆதலால், விற்க நேர்ந்தோர் அயலறியாமற் காரியத்தை முடிக்க விரும்பி, முதலிற் படலையடியில் வந்து நிற்கும் தரகரிடமே அதனை ஒப்புவித்துவிடுகின்றனர். பிள்ளைக்குச் சம்பந்தம் பேசும்போது ஊரெல்லாம் விசாரிக்கும் நாம், பெற்றோரின் வாழ்நாள் உழைப்பை விலையாக்கித் தரப்போகின்றவரைப் பற்றி ஒரு வார்த்தையும் விசாரியாதிருப்பது வியப்பன்றோ?

இதனைப் பிறர் குறையாக நான் கூறவில்லை. நானும் இத்தவற்றைச் செய்தவனே.

வலிகாமத்திலே எங்கள் தந்தையார் விட்டுச்சென்ற மூன்று பரப்புக் காணியும் கல்வீடும் எங்கள் சகோதரர் நால்வருக்கும் பொதுவாயிருந்தன. ஒருவர் கனடாவில், ஒருவர் வவுனியாவில், கணவனை இழந்த தங்கை கொழும்பில். 2022ஆம் ஆண்டு அவ்வீட்டை விற்பதென முடிவுசெய்தோம். தங்கை தன் சிறு வீட்டை வங்கியில் ஈடுவைத்திருந்தாள். தன் பங்குப் பணம் கிடைத்தால் அதனை மீட்கலாமென்று நாளை எண்ணியிருந்தாள்.

செய்தி பரவியதும் ஒரு தரகர் வந்தார். வளவைச் சுற்றிப் பார்த்தார். முற்றத்து மாமரத்தைப் புகழ்ந்தார். இரண்டு கோடியே நாற்பது இலட்சம் ரூபாவுக்குக் குறைய விற்கவேண்டாமென்றார். எங்கள் மனம் குளிர்ந்தது. எழுத்தில் ஒன்றுமின்றிச் சம்மதித்தோம். ஐந்து மாதங்களில் வீடு பார்க்க வந்தோர் பலர். விலை பேசியவர் எவருமிலர். பின்னர் அதே தரகர், "கொஞ்சம் இறங்கவேண்டும், ஐயா" என்றார். எட்டாம் மாதத்தில், ஒரு கோடி முப்பது இலட்சத்துக்கு ஆளிருப்பதாகச் சொன்னார். இதற்கிடையில் நாலு தரகர் நாலு விலை கூறி எங்கள் வீட்டைக் காட்டித் திரிந்தனர். "இவ்வளவு காலம் விலைப்படாத வீட்டில் என்ன வில்லங்கமோ?" என்று ஊரார் கேட்கலாயினர். கொழும்பிலோ தங்கையின் வட்டி ஏறிக்கொண்டிருந்தது.

என் தொழிலில் நான் நன்கறிந்த உண்மை ஒன்றுண்டு. பரீட்சைத் தாளிற் புள்ளிகளை வாரி வழங்கும் ஆசிரியரைப் பெற்றோர் விரும்புவர். பிழையைச் சுட்டி வட்டமிடும் ஆசிரியரைக் கடிந்துகொள்வர். பொதுப் பரீட்சை முடிவு வந்த பின்னரே, தம் பிள்ளைக்கு உதவியவர் எவரென்பது அவர்களுக்கு விளங்கும். பிறருக்குப் பலமுறை எடுத்துரைத்த இவ்வுண்மையை என் வீட்டுக் காரியத்தில் நான் மறந்தேன். உயர்ந்த விலையைக் கூறினவரே உயர்ந்த தரகரென்று எண்ணினேன்.

அடுத்து வந்தவர் வேறொரு வழி கூறினார். "உங்கள் கைக்கு ஒரு கோடி அறுபது இலட்சம் தந்துவிடுகிறேன். அதற்கு மேலே எவ்வளவு வந்தாலும் அது என்னுடையது. தரகுப் பணம் வேண்டாம்" என்றார். கேட்பதற்கு இது தாராளமாகத் தோன்றும். ஆயின் ஆராய்ந்து பாருங்கள். அவ்வீடு ஒரு கோடி எண்பது இலட்சத்துக்கு விலைப்பட்டால், இருபது இலட்சம் அவரைச் சேரும். வாங்குபவர் உண்மையிற் கொடுக்கும் விலையை உங்களுக்கு மறைப்பதே அவருக்கு ஆதாயமாகும். உங்கள் ஆளாக நிற்கவேண்டியவர் உங்களுக்கு எதிராளி ஆகிவிடுகின்றார். இவ்வகை ஏற்பாட்டுக்கு எக்காலத்தும் இணங்கவேண்டாம்.

நூற்றுக்கு இவ்வளவென்று தரகு பேசுவது இதனிலும் நன்று. எனினும் அதன் கணக்கையும் அறிந்திருத்தல் வேண்டும். நூற்றுக்கு மூன்று வீதமென்று வைத்துக்கொள்வோம். தரகர் மேலும் பாடுபட்டுப் பத்து இலட்சம் கூடுதலாகப் பெற்றுத் தந்தால், அதிலே அவருக்கு வருவது முப்பதாயிரமே. ஆகையால், நல்ல விலை வரும்வரை காத்திருப்பதிலும் வந்த விலைக்கு விரைவில் முடிப்பதே பல தரகருக்கு உவப்பாயிருக்கும். இது அவர்களின் தீக்குணமன்று, தொழிலின் இயல்பு. "இப்போதே விற்றுவிடுங்கள்" என்று தரகர் நெருக்கும்போது, இக்கணக்கை நினைவிற்கொள்ளல் நலம்.

மூன்றாமவர் ஒரு முதியவர். சைக்கிளில் வந்தார். விறாந்தையில் அமர்ந்து தண்ணீர் வாங்கிக் குடித்தார். விலையைப் பற்றி ஒன்றுமே பேசவில்லை. "உறுதியை முதலிற் பார்க்கலாமோ, ஐயா?" என்றார். பார்த்தார், பழைய உறுதியையும் கேட்டு வாங்கிப் பார்த்தார். பின்பு இரண்டு குறைகளைச் சொன்னார். பாட்டனார் கால உறுதியிலே பக்கத்து வளவுக் கிணற்றிற் பங்கும் அங்கு செல்லும் வழியும் எழுதப்பட்டிருந்தன. தந்தையாருக்கு எழுதிய நன்கொடை உறுதியில் அவை விடுபட்டிருந்தன. அன்றியும், 1984ஆம் ஆண்டில் தந்தையார் வைத்த ஈடு ஒன்று காணிப் பதிவகத்தின் ஏட்டில் இன்னும் மீட்கப்படாததாகவே நின்றது. மீட்ட பத்திரமோ எங்கள் பெட்டகத்தின் அடியிற் பதிவாகாமற் கிடந்தது. "இவற்றைச் சீர்செய்தபின் விலை பேசுவோம். இரண்டு கோடி வராது, ஒன்று எண்பதுக்கும் ஒன்று தொண்ணூறுக்கும் இடையில் வரும்" என்றார். இதே ஒழுங்கையில் அண்மையில் விலைப்பட்ட மூன்று வளவுகளைக் காட்டி, தாம் சொன்னதற்குக் காரணமுங் கூறினார்.

அவர் சொன்னபடி நொத்தாரிசிடம் சென்றோம். மீட்ட பத்திரத்தைப் பதிவுசெய்தோம். கிணற்றுப் பங்கைப் பற்றிச் சிறிய தகப்பனாரின் மக்களோடு பேசி எழுத்திலாக்கினோம். கனடாவிலுள்ள சகோதரர் அங்குள்ள இலங்கைத் தூதரக அலுவலகத்தின் மூலம் எனக்கு அற்றோர்ணித் தத்துவம் அனுப்பினார். இவற்றுக்கு மூன்று மாதங்கள் சென்றன. வீடு ஒரு கோடியே எண்பத்தைந்து இலட்சத்துக்கு விலைப்பட்டது. நூற்றுக்கு மூன்றாக 5 இலட்சத்து 55 ஆயிரம் ரூபாவை அம்முதியவருக்கு மனநிறைவோடு கொடுத்தோம். தங்கையும் தன் வீட்டை மீட்டுக்கொண்டாள். ஆனால் முதல் எட்டு மாதங்களுக்கு அவள் கட்டிய வட்டியை யார் திருப்பித் தருவார்?

நேயர்களே, இதிலிருந்து நான் கற்றதைச் சுருங்கக் கூறுகிறேன். விலையைச் சொல்லுமுன் உறுதியைக் கேட்பவரே தரகர். நம் நாட்டில் 1840ஆம் ஆண்டின் 7ஆம் இலக்கச் சட்டப்படி, நொத்தாரிசின் முன்னும் இரண்டு சாட்சிகளின் முன்னும் எழுத்திற் கையொப்பமிடாத காணி விற்பனை செல்லாது. தேசவழமைக்கு உட்பட்ட காணியிற் பிரிபடாத பங்கை வெளியாருக்கு விற்கக் கருதுவோர், 1947ஆம் ஆண்டின் 59ஆம் இலக்கச் சட்டப்படி சக பங்காளிகளுக்கு முன்னறிவித்தல் கொடுத்தல் வேண்டும். ஆகவே, வீட்டின் விலை அதன் சுவரிலும் கூரையிலும் மட்டும் இல்லை. உறுதியின் வரிகளிலும் இருக்கின்றது. அதனைப் பாராது விலை சொல்பவர், நோயாளியைப் பாராது மருந்து கொடுப்பவரை ஒத்தவர்.

அவர் முன்பு விற்றுக்கொடுத்த இருவரிடமாவது சென்று விசாரியுங்கள். தரகு எவ்வளவு, எப்போது கொடுப்பது, வாங்குபவரிடமும் அவர் பெறுகின்றாரா என்பவற்றை முதலிலேயே கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். ஒருவரிடமே ஒப்படையுங்கள், ஆயின் மூன்று மாதமென்றோ நாலு மாதமென்றோ தவணை வையுங்கள். உறுதியின் படியைக் கொடுங்கள். மூல உறுதியைக் கொடாதீர்கள். தரகரின் பெயருக்கு அற்றோர்ணித் தத்துவம் எழுதவே எழுதாதீர்கள். முற்பணத்தை வாங்குபவர் கையிலிருந்து நேரே பெற்றுப் பற்றுச்சீட்டுக் கொடுங்கள்.

தரகுத் தொழில் இழிதொழிலன்று. விற்பவரையும் வாங்குபவரையும் நேர்மையோடு இணைத்துவைப்பவர் இரு குடும்பங்களுக்கும் உபகாரி. அத்தகையவர் நம் ஊர்களில் இன்றும் இருக்கின்றனர். அவர்கள் சொல்லும் முதல் வார்த்தை நம் செவிக்கு இனிதாய் இராது. அதற்காக அவர்களைப் படலையடியிலிருந்து திருப்பி அனுப்பிவிடாதீர்கள்.