கருங்காலிக் காம்பு



எழுத்தைப் பற்றி நிறையப் பேசியிருக்கிறோம். இன்று எழுதும் கருவியைப் பற்றி, குறிப்பாக மரத்தில் கடைந்தெடுக்கும் பேனையைப் பற்றிச் சில வார்த்தைகள்.

ஐந்து அங்குல நீளமும் முக்கால் அங்குலப் பருமனும் கொண்ட சதுரக் கட்டை ஒன்று போதும். அதை இரண்டாக அறுத்து, நடுவே துளையிட்டு, மெல்லிய பித்தளைக் குழாயை உள்ளே ஒட்டுகிறார்கள். பிறகு கடைசல் பொறியில் சுழலவிட்டு உளியால் சீவுகிறார்கள். முடிவில் குழாயின்மேல் எஞ்சுவது மெல்லியதொரு மரத்தோல்தான்.

மரத்துக்கு மரம் குணம் வேறு. வைரம் பாய்ந்த கருங்காலி தண்ணீரில் அமிழும் அளவுக்குக் கனமானது. ஆனால் துளையிடும்போது சூடேறினால் வெடித்துவிடும். துளைகருவியை அடிக்கடி வெளியே இழுத்து, தூளை அகற்றி, ஆறவிட வேண்டும். ஈட்டி இனத்து மரங்கள் பலவற்றில் இயல்பாகவே எண்ணெய்ப்பசை உண்டு. அதைத் துடைத்தெடுக்காமல் ஒட்டினால் ஒட்டு நிலைக்காது. அவற்றின் தூள் சிலருக்குத் தோலரிப்பையும் மூச்சுத் தொல்லையையும் தரும்.

மெருகேற்றுவதுதான் பொறுமையின் சோதனை. சொரசொரப்பான தாளில் தொடங்கி, படிப்படியாக நுண்ணிய தாளுக்கு வரவேண்டும். ஒவ்வொரு முறையும் பொறியை நிறுத்தி, நாரோட்டத்தின் வழியே தேய்க்க வேண்டும். இல்லாவிட்டால் வளையம் வளையமாகக் கீறல்கள் தெரியும். கருமையில் எதையும் மறைக்க முடியாது. பிறகு அரக்கு மெருகைத் துணியில் தொட்டு, சுழலும் மரத்தில் அழுத்துவார்கள். உராய்வின் சூட்டில் அது பளபளக்கும். ஆனால் கைவியர்வையில் அப்பளபளப்பு நாளடைவில் மங்கிவிடும்.

பழைய ஊற்றுப்பேனைகள் பலவற்றின் உடல் எபனைட் என்ற கடின றப்பரால் ஆனது. அதன் பெயரே எபனி, அதாவது கருங்காலி, என்பதிலிருந்து வந்தது. மரம் இல்லாத பேனையிலும் மரத்தின் பெயர் இருந்தது.

பத்தொன்பதாம் நூற்றாண்டில் காலியில் கருங்காலித் தளபாடங்கள் செதுக்கப்பட்டன. இன்று இலங்கையில் அம்மரத்தை வெட்டி விற்பது சட்டவிரோதம். மடகஸ்காரின் கருங்காலி 2013இலும், ஈட்டிப் பேரினம் முழுவதும் 2017இலும் சர்வதேச வர்த்தகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தன. மெல்ல வளரும் மரத்தை விரைந்து வெட்டியதன் விளைவு இது. ஆகவே மனச்சாட்சியுள்ள கடைசல்காரர் உடைந்த கதிரைக் காலையும் பழைய கட்டில் சட்டத்தையும் தேடுகிறார். பேனைக்கு அதுவே தாராளம்.

நம் பேச்சுவழக்கில் கருங்காலி என்றால் துரோகி. கோடரிக்குக் காம்பாகித் தன் இனத்தையே வெட்ட உதவிய மரம் என்று அதற்குக் காரணம் சொல்வார்கள். மரம் என்ன செய்யும்? காம்பைச் செதுக்கியவனும் வீசியவனும் மனிதனல்லவா? பேனையும் ஒரு காம்புதான். அதன் நுனியால் அயலவனைக் காட்டிக்கொடுக்கவும் முடியும். அவனுக்காக ஒரு வரி எழுதவும் முடியும். பழியோ புகழோ, அது பிடித்த கைக்கே உரியது.