ஊசியும் மாவும்: வீட்டில் பிள்ளைகளோடு
(நூற்றாண்டு விழாப் பழைய மாணவியர் ஒன்றுகூடலில் ஆற்றிய உரை)



சங்கத்தார் எங்களிடம் கேட்டது நீரிழிவு பற்றியோ இரத்த அழுத்தம் பற்றியோ ஒரு சுகாதார உரை. வைத்தியர் என்றால் அதைத்தானே கேட்பார்கள். நாங்கள் ஊசியையும் மாவையும் பற்றிப் பேசப் போகிறோம் என்றதும் செயலாளர் அக்கா சற்றுத் தயங்கினா. பிறகு, "சரி, அதிலும் எப்படியும் நீங்கள் வைத்தியத்தைக் கொண்டுவந்து விடுவீர்கள்தானே" என்றா. அவ சொன்னது சரிதான்.

"நாங்கள்" என்று சொல்வது மரியாதைப் பன்மையாக அல்ல. இன்று இங்கே சொல்லப்போவதைச் செய்து பார்த்தது எங்கள் வகுப்புத் தோழியர் ஏழு பேர். அதில் ஒருத்தி வைத்தியர், இருவர் ஆசிரியர், ஒருத்தி வங்கியில், மற்றவர்கள் வீட்டில். எழுவரில் தையல் உருப்படியாக வந்தது இரண்டு பேருக்குத்தான். அந்த இருவரில் வைத்தியர் இல்லை.

மனைப்பொருளியல் வகுப்பை எல்லோருக்கும் ஞாபகம் இருக்கும். வெள்ளைத் துணித் துண்டில் நூலோட்டம், பின்தையல், சங்கிலித் தையல், மீன்முள் தையல் என்று வரிசையாகப் போட்டு, கொப்பியில் ஒட்டி, கையொப்பம் வாங்க வேண்டும். வகுப்பு முடியும்போது ரீச்சர் ஊசிகளை எண்ணுவா. ஒன்று குறைந்தால் ஒருவரும் வீட்டுக்குப் போக முடியாது. நிலத்தில் குந்தியிருந்து தேட வேண்டும். அப்போது கொடுமையாகத் தெரிந்தது. பின்னாளில், வெறுங்காலோடு ஓடித் திரிந்த பிள்ளையின் பாதத்துக்குள் உடைந்து போன ஊசி நுனியை எக்ஸ்ரேயில் பார்த்த அன்று ரீச்சரை நினைத்துக்கொண்டோம். எண்ணி எடுத்து எண்ணி வையுங்கள். தைக்கும்போது குண்டூசியை வாயில் கவ்வுகிற பழக்கம் எங்கள் அம்மாமார் எல்லோருக்கும் இருந்தது. பிள்ளை பார்த்துப் பழகும், விட்டுவிடுங்கள்.

சிங்கர் மெஷின் இலங்கைக்கு வந்தது 1877இல் என்பார்கள். எங்கள் சிறுவயதில் திருகோணமலையில் அநேக வீடுகளில் அது சீதனப் பொருள் போல இருந்தது. 1990இல் ஊரே இடம்பெயர்ந்தபோது எங்கள் தோழி ஒருத்தியின் அம்மா கைமெஷினின் தலையை மட்டும் கழற்றி, சாக்கில் சுற்றி, தலையில் வைத்துக்கொண்டு போனா. நகையைத் தூக்காமல் இரும்பைத் தூக்குகிறாளே என்று சொந்தக்காரர் ஏசினார்களாம். முகாமில் அந்த மெஷினை ஒரு மரப்பெட்டியில் பூட்டி, கிழிந்த சட்டைகளைத் தைத்துக் கொடுத்து அரிசியும் பருப்பும் வாங்கினா. அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறது. பின்னால் மேசையில் வைத்திருக்கிறோம். சுற்றிப் பார்க்கலாம், ஆனால் தயவுசெய்து நூல் இழுவையைத் திருகாதீர்கள். அதைச் சரிப்படுத்த எங்களுக்கு இரண்டு நாள் சென்றது.

இனி 2022. மார்ச் கடைசியில் ஒரு நாளைக்குப் பதின்மூன்று மணித்தியாலம் கரண்ட் இல்லை. காஸ் இல்லை, மண்ணெண்ணெய்க்கு வரிசை, பால்மாவுக்கு வரிசை. துறைமுகத்தின் மறுபக்கம் சீனன்குடாவில் 1980 முதல் பிரிமா ஆலை நாட்டுக்கே கோதுமை அரைக்கிறது. கப்பல் வந்து நிற்பதை நாங்கள் கண்ணால் பார்ப்போம். ஆனால் கடைக்குப் போனால் ஒரு கிலோ மா வாங்குவதற்குள் கை நடுங்கும். பணிஸும் கேக்கும் பிள்ளைகளுக்குப் பழங்கதையாகின.

அந்த நாட்களில்தான் கிளினிக்குக்கு ஒரு தாய் பதின்மூன்று வயது மகளைக் கூட்டி வந்தா. தொடையிடுக்கெல்லாம் புண், கிருமித் தொற்று. பிள்ளை வாய் திறக்கவில்லை. தாயை வெளியே இருக்கச் சொல்லிக் கேட்டபோதுதான் சொன்னாள்: பாட் வாங்கக் காசில்லை, காலையில் வைப்பதை இரவுவரை மாற்றுவதில்லை, அதுவும் இல்லாத மாதம் பழைய நைலோன் துணி, அதைத் துவைத்து ஒருவரும் பார்க்காதபடி கட்டிலுக்குக் கீழே காயப் போடுவது. மாதத்தில் நான்கு நாள் பள்ளிக்கூடம் போவதில்லை. மருந்து எழுதிக் கொடுப்பது இலேசு. அடுத்த மாதமும் அதே துணிதானே? அன்று பின்னேரம் தோழியருக்குத் தொலைபேசி எடுத்தோம். இதுதான் எங்கள் தையல் வகுப்பு தொடங்கிய கதை.

செய்முறையைச் சொல்கிறோம், எழுதிக்கொள்ளுங்கள். பழைய பருத்திச் சாறம் அல்லது பருத்திச் சேலை எடுங்கள். பொலியெஸ்டர் வேண்டாம், அது ஈரத்தை உறிஞ்சாது. ஏற்கெனவே பல முறை துவைத்த துணி நல்லது, இனிச் சுருங்காது. கடதாசியில் ஒன்பது அங்குல நீளமும் மூன்று அங்குல அகலமும் வைத்து, இரு முனையையும் வளைத்து, நடுவில் இரு பக்கமும் செட்டை போல் நீட்டி வெட்டுங்கள். சுற்றிவர அரை அங்குலம் தையலுக்கு விட வேண்டும். அந்த அளவில் மேலுக்கு ஒன்று, கீழுக்கு ஒன்று. உள்ளே வைப்பதற்குப் பழைய துவாயில் செட்டை இல்லாமல் இரண்டு மூன்று துண்டு. துவாய்த் துண்டுகளைக் கீழ்த்துணியின் உட்பக்கத்தில் நடுவே வைத்து நூலோட்டத்தால் பிடித்துக்கொள்ளுங்கள். பிறகு இரண்டு துணிகளின் நல்ல பக்கமும் உள்ளே வரும்படி சேர்த்து, பின்தையலால் சுற்றித் தைத்து, நான்கு விரல் இடைவெளி விட்டு, அதனூடாகப் புரட்டி எடுத்து, இடைவெளியை மூடி, விளிம்பில் இன்னொரு தையல். செட்டைகளில் அழுத்துப் பொத்தான். மெஷின் இல்லாவிட்டால் கையாலேயே ஒரு மணித்தியாலத்தில் முடியும். ஒரு பிள்ளைக்கு ஆறு இருந்தால் சமாளிக்கலாம்.

துவைப்பதில்தான் எல்லாம் இருக்கிறது. முதலில் பச்சைத் தண்ணீரில் அலசுங்கள். சுடுதண்ணீர் ஊற்றினால் கறை பிடித்துவிடும். பிறகு சவர்க்காரம். பிறகு வெயில், நேர் வெயில், கொடியில். நான்கு முதல் ஆறு மணித்தியாலத்துக்கு ஒருமுறை மாற்ற வேண்டும். திருகோணமலையில் எங்களுக்குக் குறைவில்லாமல் கிடைப்பது வெயில் ஒன்றுதான், அதை ஏன் ஒளிக்க வேண்டும்? அப்பாவும் தம்பியும் பார்த்துவிடுவார்களே என்று தாய்மார் கேட்டார்கள். பார்க்கட்டும் என்றோம். வகுப்பில் ஓர் அம்மம்மா, "எங்கட காலத்தில் எல்லாரும் துணிதான், ஆனா கொடியில மட்டும் போட விடேல்ல" என்று சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள். சிரித்த பிறகு பேச்சு இலேசாயிற்று.

துணி எங்கிருந்து? இங்கேதான் சீருடை வருகிறது. 1993 முதல் அரசாங்கம் சீருடைத் துணியை இலவசமாகக் கொடுக்கிறது. 2023ஆம் ஆண்டுத் துணியில் பெரும்பகுதி சீனாவின் நன்கொடையாக இருந்தது. துணி இலவசம், தையற்கூலி இலவசம் இல்லை. மூன்று பிள்ளை உள்ள வீட்டில் கூலியே ஒரு பெருந்தொகை. ஆகவே சீருடையை வீட்டில் தைக்கப் பழக்கினோம். பிள்ளை வளரும் என்பதை மறந்து தைக்காதீர்கள். கீழ் மடிப்புக்கு நான்கு அங்குலம் விடுங்கள். இடுப்புத் தையலுக்குள் ஓர் அங்குலம் ஒளித்து வையுங்கள். இரண்டு வருடம் ஓடும். மடிப்பை இறக்கும்போது பழைய கோடு தெரியும்தான், தெரிந்தால் என்ன? எங்கள் எல்லோருடைய சட்டையிலும் அந்தக் கோடு இருந்தது. மிஞ்சுகிற வெள்ளைத் துண்டில் கைக்குட்டை, பென்சில் பை, மேலே சொன்ன துணி எல்லாம் வரும்.

ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ஆண் பிள்ளைகளையும் இருத்துங்கள். பொத்தான் தைக்க ஐந்தாம் வகுப்புப் பையனுக்குப் பத்து நிமிடம் போதும். எங்கள் மகன்மார் முதலில் முகத்தைச் சுளித்தார்கள். பிறகு கிரிக்கெட் துடுப்புக்கு உறை தைத்தார்கள், கோணலாக.

இனி அடுப்புப் பக்கம் போவோம். நத்தாருக்குப் பாலையூற்றில் பறங்கியர் வீடுகளிலிருந்து வரும் லவ் கேக்கின் வாசம் தெரியாதவர் இங்கே இல்லை. ரவையும் கஜுவும் முட்டையும் குவிகிற அந்தக் கேக்கைப் பற்றி 2022இல் நினைக்கவே முடியாது. ஆனால் ரவை என்ற அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டோம். முட்டை இல்லாமல், மாஜரீன் இல்லாமல், அவண் இல்லாமல் ஒரு கேக்.

வறுத்த மெல்லிய ரவை ஒரு கோப்பை, தயிர் ஒரு கோப்பை. கிண்ணியா, மூதூர்ப் பக்கத்து எருமைத் தயிர் என்றால் கட்டியாக இருக்கும், சிறிது தண்ணீர் விட்டு அடித்துக்கொள்ளுங்கள். இரண்டையும் அரைக் கோப்பைச் சீனியோடு கலந்து அரை மணித்தியாலம் ஊற விட வேண்டும். இந்த ஊறலைச் சுருக்கினால் கேக் பல்லில் நறநறக்கும். எங்கள் முதலாவது கேக் அப்படித்தான் வந்தது. பிறகு கோதுமை மா அரைக் கோப்பை, எண்ணெய் கால் கோப்பை, பால் கால் கோப்பை, ஏலக்காய். கடைசியாகத்தான் பேக்கிங் பவுடர் ஒரு தேக்கரண்டி, அப்பச்சோடா அரைத் தேக்கரண்டி. அவை விழுந்த பிறகு கதைத்துக்கொண்டு நிற்கக் கூடாது, உடனே எண்ணெய் பூசிய தட்டில் ஊற்றுங்கள்.

பழைய, கனமான சட்டியில் ஓர் அங்குலம் கழுவிக் காயவைத்த மணல் பரப்பி, மூடி, பத்து நிமிடம் சூடாக்குங்கள். உள்ளே ஒரு சிறு வளையம் வைத்து அதன்மேல் தட்டு. மூடியின் மேல் சிரட்டைத் தணல் கொஞ்சம் போட்டால் மேல்புறமும் சிவக்கும். சிறு நெருப்பில் நாற்பது நிமிடம். ஈர்க்குக் குத்திப் பாருங்கள், ஒட்டாமல் வர வேண்டும். பதினாறு துண்டாக வெட்டினால் ஒரு துண்டில் ஆறு கிராம் சீனி அளவுதான் வரும். ஒரு நாளைக்கு இருபத்தைந்து கிராமுக்குள் நிற்பது நல்லது என்று உலக சுகாதார நிறுவனம் சொல்கிறது. இரண்டு வயதுக்குக் குறைந்த பிள்ளைக்கு இந்தத் துண்டும் வேண்டாம்.

செயலாளர் அக்கா எதிர்பார்த்த வைத்தியம் இப்போது வருகிறது. தணலைப் பூட்டிய அறைக்குள் வைக்காதீர்கள். கரிப்புகையில் உள்ள நச்சு வாயுவுக்கு மணம் கிடையாது. தலையிடி, மயக்கம், பிறகு நித்திரையிலேயே உயிர் போகலாம். முற்றத்தில் சுடுங்கள். மண்ணெண்ணெயைச் சோடாப் போத்தலில் ஊற்றி வைக்காதீர்கள். பிள்ளை குடித்துவிட்டால் வாந்தி எடுக்க வைக்கவே கூடாது. அது நுரையீரலுக்குள் போய்விடும். நேரே வைத்தியசாலைக்குக் கொண்டு வாருங்கள். சுட்ட காயத்துக்கு ஓடும் தண்ணீரில் இருபது நிமிடம். பற்பசையும் வேண்டாம், வெண்ணெயும் வேண்டாம்.

ரொறன்ரோவிலும் லண்டனிலும் மெல்பேணிலும் இருக்கும் அக்காமார் என்ன அனுப்பட்டும் என்று கேட்கிறீர்கள். வெளிப்படையாகச் சொன்னால், உடுத்த உடுப்புப் பெட்டிகளை அனுப்பாதீர்கள். 2004 ஆழிப்பேரலைக்குப் பின் வந்து குவிந்த கம்பளிக் கோட்டுகளை இந்த வெயிலில் யார் போட்டார்கள்? நாங்கள் வெட்டித் தலையணை செய்தோம். அழுத்துப் பொத்தான், நல்ல நூல், பருத்தி பிளானல் துணி அனுப்புங்கள். அதைவிட நல்லது, இங்கே பழுதாகிக் கிடக்கும் மெஷின்களைத் திருத்தும் செலவு. வீட்டு மூலைகளில் தூசி படிந்து கிடப்பவற்றில் அநேகமானவற்றுக்கு ஒரு பட்டியும் கொஞ்சம் எண்ணெயும்தான் தேவை.

கிளினிக்குக்கு வந்த அந்தப் பிள்ளை இப்போது பள்ளிக்கூடம் ஒழுங்காகப் போகிறாள். தனக்கு ஆறு தைத்தாள், தங்கைக்கும் தைத்து வைத்திருக்கிறாள், தங்கைக்கு இன்னும் வயது வரவில்லை.

வெட்டும் கடதாசி மாதிரிகள் பின் மேசையில், கைமெஷினுக்குப் பக்கத்தில் இருக்கின்றன. ஆளுக்கு ஒன்று எடுங்கள். ரவைக் கேக் நூற்று இருபது துண்டு கொண்டு வந்தோம். ஆசிரியர்களுக்கு முதலில் கொடுத்துவிட்டு நீங்கள் எடுங்கள்.